மேற்றளச் சிற்பமும் அதன் கேட்போரும்

கலை காண்பார்க்கு உரியது என்பது பொதுவாக ஒப்ப முடிந்த கருத்து. ஓவியம் கண்ணுக்கு எதிரே தீட்டப்பெறுகின்றது. சிற்பம் வாயிலிலும் மன்றத்திலும் நிறுத்தப்பெறுகின்றது. கட்டடக் கலையிலும் முகப்பே முதன்மை பெறுகின்றது. தெருவில் செல்வோன் நிமிர்ந்து நோக்கும் எல்லை வரையில் அணி செய்து, அதற்கு மேல் உள்ளவற்றைக் கைப்பிடிச் சுவரால் மறைத்துவிடுதல் நகர மனைகளின் வழக்கம். புகைபோக்கியும் நீர்த்தொட்டியும் படிக்கட்டின் மேல்முகடும் அம் மறைவில் அழகு ஏதுமின்றிக் கிடக்கும். இவ் வழக்கிற்கு மாறாக, மறைவான அவ்விடத்தையே கலைக்குரிய களனாகக் கொண்ட மனைகள் சில உள. அவற்றுள் தலைமையானது ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியப் பகுதியில், பார்சிலோனா நகரத்தில், அந்தோனி கௌடி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த காசா மிலா என்பதாகும்.

அம் மனையின் மேற்றளத்தைப் பற்றி வழங்கும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். அது கலைஞன் மனம்போன போக்கில் ஆடிய விளையாட்டு என்பது ஒன்று. அது மறைபொருள் பொதிந்த குறியீடு என்பது மற்றொன்று. இவ் விரண்டும் விடை கூறாது விட்ட வினா ஒன்று உண்டு. அச் சிற்பங்கள் யாரை நோக்கி நிற்கின்றன என்பதே அவ் வினா.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்குரிய உறுப்புக்களை எண்ணுமிடத்துக் கேட்போர், களன் என்னும் இரண்டனையும் சேர்த்து எண்ணுகின்றது. கூறுவோன் யாவன் என்பது மட்டும் அறிந்தால் பாட்டின் பொருள் நிரம்பாது. கேட்போர் யார், கூறும் இடம் யாது என்பனவும் தெரிதல் வேண்டும் என்பது அந்நூலின் துணிபு. மொழியால் இயன்ற செய்யுளுக்கு வகுத்த உறுப்பினைக் கல்லாலும் சுண்ணத்தாலும் இயன்ற மனைக்குப் பொருத்துதல் தகுமோ என்னும் ஐயம் எழலாம். ஒருவன் ஒன்றனைப் படைக்குங்கால் அதனை ஏற்போனும் ஏற்கும் இடமும் அப் படைப்பினுள் அடங்கியே நிற்றலின், அவ் இரண்டு உறுப்புக்களையும் அளவாகக் கொள்ளுதல் தவறாகாது. அவ் வளவு கொண்டு காசா மிலாவின் மேற்றளத்தை மதிப்பிடுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

மனையின் வரலாறு

கௌடியின் காலம் 1852 முதல் 1926 வரையாகும். அவர் கட்டிய குடியிருப்பு மனைகளுள் காசா மிலாவே இறுதியானது. பெரே மிலா, அவர் மனைவி ரோசர் செகிமோன் ஆகிய இருவருக்காக, பசேச் தெ கிராசியா என்னும் பெருந்தெருவின் முனையில் 1906ஆம் ஆண்டிற்கும் 1912ஆம் ஆண்டிற்கும் இடையே அது கட்டப்பெற்றது. முதன்மைத் தளத்தில் உரிமையாளர் வாழ, மேல்தளங்கள் வாடகைக்கு விடப்பெற்றன. அலையலையாக வளைந்து செல்லும் அதன் கல்முகப்பைக் கண்ட நகரமக்கள் அதற்கு ‘லா பெட்ரேரா’ என்று பெயரிட்டனர். கற்சுரங்கம் என்பது அச் சொல்லின் பொருள். பெயரிட்டது புகழ்தற்கன்று, எள்ளுதற்கே. அக் காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்று அதனை வானக்கப்பல்கள் நிறுத்தும் கொட்டிலாகவே வரைந்தது.

முகப்பின் மேற்பகுதியில் கன்னி மரியின் பெரிய சிலைத் தொகுதி ஒன்றனை வைக்கக் கௌடி கருதியிருந்தார். 1909ஆம் ஆண்டு சூலையில் பார்சிலோனாவில் நேர்ந்த கலகத்தில் சமய நிறுவனங்கள் பல தீக்கிரையாயின. அதன் பின்னர் அச் சிலை வைக்கப்பெறவில்லை. இது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. தெருவை நோக்கி, எல்லோரும் காணுமாறு, மனையின் உச்சியில் நின்றிருக்க வேண்டிய உருவம் நில்லாதொழிந்தது; தெருவை நோக்காத உருவங்களே அம் மனையின் உச்சியில் நிலைபெற்றன.

மேற்றளத்தின் அமைப்பு

மேற்றளத்தை அறிதற்கு முன்னர் அதன் கீழுள்ள கூரையடித் தளத்தை அறிதல் வேண்டும். அது ஏறத்தாழ 270 செங்கல் வளைவுகளால் தாங்கப்பெறுவது. இரு முனைகளிலும் பற்றித் தொங்கவிடப்பெற்ற சங்கிலி கொள்ளும் வடிவினைத் தலைகீழாகத் திருப்பினாற் போன்றன அவ் வளைவுகள். அவ் வடிவம் தன் எடையைத் தானே நேராகக் கீழிறக்க வல்லது. ஆதலின் மெல்லிய செங்கல்லே அதற்குப் போதும். மனையின் அகலம் இடத்துக்கிடம் வேறுபடுதலால் வளைவுகளின் உயரமும் வேறுபடுகின்றது. அவற்றின் முதுகின் மேல் அமைந்த மேற்றளம், அது காரணமாகவே, ஓரிடத்து உயர்ந்தும் ஓரிடத்துத் தாழ்ந்தும், படிகள் பல ஏறியும் இறங்கியும் செல்வதாயிற்று. கூரையடித் தளம் கீழ்வீடுகளுக்கு வெயிலும் குளிரும் நேரே தாக்காதவாறு இடைநின்று காப்பது. துணி துவைக்கவும் உலர்த்தவும் அதுவே இடமாகவும் இருந்தது.

மேற்றளத்தில் நிற்பவை மூவகையின. படிக்கட்டுகள் மேலே வந்து முடியுமிடத்தை மூடி நிற்கும் படிக்கூண்டுகள் ஆறு; காற்றுப்போக்கிகள் இரண்டு; புகைபோக்கிகள் ஏறத்தாழ முப்பது. படிக்கூண்டுகள் நத்தையோடு போல முறுகி எழுவன. அவற்றினுள் சுழற்படியும் நீர்த்தொட்டியும் அடங்கியுள்ளன. அவற்றுள் நான்கு, சலவைக்கல், சுட்ட ஓடு முதலியவற்றின் உடைந்த சில்லுகள் பதிக்கப்பெற்றவை. இவ்வாறு சில்லுகளைப் பதிக்கும் முறையைக் கட்டலோனியர் ‘திரென்காதீஸ்’ என வழங்குவர். ஏனைய இரண்டும் மண்ணிறச் சாந்து பூசப்பெற்றவை. புகைபோக்கிகள் தனித்தும் கூட்டமாகவும் நிற்கும். பலவற்றின் உடல் கயிறு போல் முறுக்குண்டது. தலை, போர்வீரன் அணியும் தலைக்கவசம் போன்றது. சிலவற்றின் தலையில் பச்சை நிறக் கண்ணாடிப் புட்டிகளின் உடைந்த துண்டுகள் பதிந்துள்ளன. அவை விருந்தொன்றில் பருகி எறிந்த மதுப்புட்டிகள் என்பது செவிவழிச் செய்தி.

விளையாட்டு என்னும் கொள்கை

இவ் வுருவங்களைக் காண்போர் முதற்கண் நகைப்பர் அல்லது வியப்பர். தொல்காப்பியர் கூறிய மெய்ப்பாடுகளுள் நகையும் மருட்கையும் ஒருங்கே தோன்றும் இடம் இது. அது கொண்டு, இஃது ஒரு விளையாட்டே என்று முடிவு கட்டுவோர் உளர். அம் முடிவு மேற்போக்கானது. விளையாட்டு என்பது வேண்டாததைச் செய்தல். ஈண்டு வேண்டாத பொருள் ஒன்றும் நிற்கவில்லை. புகை வெளிப்பட வேண்டும். காற்று உலவ வேண்டும். படி ஏறி வருவோன் மழையில் நனையாது வெளிவர வேண்டும். நீர் உயரத்தில் தங்க வேண்டும். இவற்றின் பொருட்டு எழுந்தவற்றிற்கே உருவம் கொடுக்கப்பெற்றது. மேடு பள்ளமான தரையும் கீழ்வளைவுகளின் விளைவே என்பது மேலே காட்டப்பெற்றது.

அவ்வாறாயின் எல்லாம் தேவையின் விளைவே எனக் கூறலாமோ எனின், அதுவும் பொருந்தாது. தலைக்கவசம் இல்லாத புகைபோக்கியும் புகையைப் போக்கும். சில்லு பதியாத கூண்டும் மழையைத் தடுக்கும். தேவை, பொருளை அங்கு நிறுத்தியது. நிறுத்திய பொருளுக்கு முகம் தந்தது தேவையன்று. எனவே, விளையாட்டுக் கொள்கையினர் பயனை மறந்தனர்; பயன் ஒன்றனையே கூறுவோர் முகத்தை மறந்தனர். இரண்டும் பிரிக்க ஒண்ணாதவாறு நிற்றலே இம் மேற்றளத்தின் சிறப்பு என்க.

இவ் வுண்மையைக் கௌடியின் முந்திய படைப்பாகிய பலாவு குவெல் என்னும் மாளிகையோடு ஒப்பிட்டுத் தெளியலாம். அது 1886ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. குறுகிய தெருவில் நிற்பதாகலின் அதன் மேற்றளம் தெருவில் நிற்போர் கண்ணுக்கு எட்டாது. அங்கும் இருபது புகைபோக்கிகள் உள. அவற்றுள் பல வண்ணச் சில்லுகளால் போர்த்தப்பெற்று மரங்கள் போலவும் கூம்புகள் போலவும் நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் தனித்தனி அழகுடையன. ஆயினும் அவற்றின் அழகு பெரும்பாலும் மேற்போர்வையில் அமைந்தது. காசா மிலாவிலோ பல புகைபோக்கிகளில் வண்ணமே இல்லை. முறுக்குண்ட உடலே அவற்றின் அழகு. முன்னதில் தனித்தனியே நின்ற உருவங்கள், பின்னதில் ஏற்ற இறக்கமுள்ள நிலத்தோடு சேர்ந்து ஒரே காட்சியாகி விடுகின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் கலைஞர் அடைந்த வளர்ச்சி இது. வெறும் விளையாட்டில் இத்தகைய வளர்ச்சியை எதிர்பார்த்தல் இயலாது.

குறியீடு என்னும் கொள்கை

இனி, இரண்டாம் கொள்கையை நோக்குவோம். கட்டலோனியக் கவிஞர் பெரே ஜிம்பெரேர் இம் மேற்றளத்தை வீரர்களின் தோட்டம் என்று அழைத்தார். புகைபோக்கிகள், படிக்கூண்டுகளைக் காக்கும் வீரர் போல் நிற்றலின் அப் பெயர் பொருத்தமுடையதே. ஆயின், பின்வந்தோர் பலர் அவ் வுவமையைப் பொருளாகவே கொண்டு, இவர் எக் காலத்து வீரர், யாரோடு பொருதனர் என்று விடுகதை அவிழ்ப்பது போல ஆராயத் தலைப்பட்டனர்.

இங்கு உள்ளுறை பற்றிய தமிழ் மரபு நமக்கு நல்லதோர் எல்லை காட்டுகின்றது. உள்ளுறையில் கருப்பொருள் வருணனை முதற்கண் தானே முழுமையுடையதாக நிற்றல் வேண்டும். மறைபொருளை அறியாதவனும் அக் காட்சியைக் கண்டு மகிழ்தல் கூடும். அறிந்தவன் பின்னும் ஒன்று பெறுவான். மேற்பொருள் பொய்யாகி, மறைபொருள் மட்டும் மெய்யாகுமாயின் அது விடுகதை, உள்ளுறை ஆகாது. காசா மிலாவின் புகைபோக்கி, முதலில் புகைபோக்கி. அதனை வீரன் எனக் காணுதல் அடுத்த படி. வீரன் எனக் கண்டபோதும் அது புகைபோக்கி ஆகாதொழிவதில்லை. இவ் இருநிலையும் ஒருங்கே நிற்கும் வரையில் குறியீட்டுக் கொள்கை ஏற்கத்தக்கது. முதல் நிலையை அழித்து இரண்டாம் நிலையை நாட்ட முற்படும்போது அது மிகையாகின்றது.

படிக்கூண்டுகள் சிலவற்றின் உச்சியில் கௌடிக்கே உரிய நாற்கைச் சிலுவைகள் உள்ளனவே, அவை மறைபொருள் அல்லவோ எனின், அல்ல. உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே நிலனாகக் கூறினர் தொல்காப்பியர். தெய்வம் வெளிப்படையாகப் போற்றற்குரியது. மறைத்துக் கூறற்குரியது அன்று என்பது அதனால் பெறப்படும். சிலுவைகளும் அத்தகையனவே. அவை சமய உணர்வின் வெளிப்படைக் குறிகள்.

கேட்போரும் களனும்

இனி, நம் முதன்மையான வினாவுக்கு வருவோம். இம் மேற்றளம் யாரை நோக்கியது? கௌடியின் மற்றொரு மனையாகிய காசா பாட்லோ இதே தெருவில் உள்ளது. 1904 முதல் 1906 வரை புதுக்கி அமைக்கப்பெற்ற அம் மனையின் முகப்பு முகடு, செதில் போன்ற ஓடுகள் வேய்ந்து, பறவைநாகம் ஒன்றின் முதுகு போல வளைந்துள்ளது. அது தெருவில் நிற்போன் காணவே அமைந்தது. ஆகவே, மேலே உள்ளனவெல்லாம் மறைவானவை என்றோ, கௌடி தெருவை மதியாதவர் என்றோ கூறுதல் பொருந்தாது. தெருவை நோக்க வேண்டிய இடத்தில் அவர் தெருவை நோக்கினார். காசா மிலாவில் நிலைமை வேறு. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று நோக்குவோனுக்குப் படிக்கூண்டுகளின் தலைகளும் புகைபோக்கிகள் சிலவுமே புலனாகும். நிலத்தின் ஏற்ற இறக்கமும், கூட்டங்களின் அமைப்பும், ஒன்றன்பின் ஒன்றாக உருவம் தோன்றி மறையும் நிலையும் புலனாகா. அவை மேலே நடந்து திரிவோனுக்கே உரியன.

அங்ஙனம் நடந்து திரிந்தோர் யாவர்? இம் மனையில் வீடுகளுக்குச் செல்லும் முதன்மை வழி மின்தூக்கி. படிக்கட்டுகள் பணி வழிகளாக அமைந்தன. அப் பணிப் படிகளே மேற்றளத்தில் வந்து முடிகின்றன. துணி துவைத்து உலர்த்தும் இடம் அதற்கு அடுத்த கீழ்த்தளம். இவ் வமைப்பை நோக்குமிடத்து, மேற்றளத்தை அன்றாடம் அணுகி நின்றோர் பெரும்பாலும் பணி செய்வோரே எனக் கொள்ளுதல் பொருந்தும். செல்வர் தம் விருந்தினரை அழைத்து மேலே சென்றிருக்கலாம்; ஆயினும் அது சிறப்பு நாளின் நிகழ்ச்சி. நாள்தோறும் ஈரத் துணிச் சுமையோடு ஏறி வந்த பெண்ணுக்கே அத் தலைக்கவச வீரர் நாள்தோறும் எதிர் நின்றனர். கௌடி அவளை எண்ணியே இதனைச் செய்தார் என்று நிறுவுதல் நம் நோக்கமன்று. ஆசிரியன் கருத்து வேறு; களன் தரும் பொருள் வேறு. களன் தரும் பொருள் இதுவே: ஒரு செல்வர் மனையின் மிகச் சிறந்த பகுதி, அம் மனையின் உழைப்பு நடைபெறும் வழியில் அமைந்துள்ளது.

நம் நூல்களிலும் மேற்றளம் தெருவிற்குரியதாக அன்றி, அங்கு ஏறுவோருக்கு உரியதாகவே பேசப்படுகின்றது. நிலாமுற்றத்தை அரமியம் என்னும் சொல்லால் குறித்தனர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தம் மனையறத்தின் தொடக்கத்தில் அரமியம் ஏறுகின்றனர். அது காதலர்க்குரிய களன். காசா மிலாவின் மேற்றளம் பணியாளர்க்குரிய களன். களன் ஒன்றே ஆயினும் கேட்போர் வேறாகுங்கால் பொருளும் வேறாகும் என்பதற்கு இது சான்று.

ஆயினும், தெருவில் நிற்போனைக் கௌடி முற்றும் விலக்கினார் என்று கூறலாகாது. சில்லு பதித்த நான்கு படிக்கூண்டுகளும் தெருப்பக்கம் அமைந்தவை; சாந்து மட்டும் பூசிய இரண்டும் உட்பக்கம் அமைந்தவை. வெயிலில் ஒளிரும் சில்லு, தொலைவிலிருந்து காண்போனுக்கு ஒரு குறிப்புத் தருகின்றது. அக இலக்கியத்தில் தோழி தலைவிக்குக் கூறுவது போலச் சிறைப்புறத்து நிற்கும் தலைவன் கேட்பக் கூறும் மரபு உண்டு. கூற்று ஒருவரை நோக்கியது. அது மற்றொருவர் செவியிலும் படுதல் வேண்டும் என்பது கூறுவோள் அறிந்ததே. இம் மேற்றளமும் அவ்வாறே மேலிருப்போருடன் பேசுகின்றது. அப் பேச்சு நடைபெறுகின்றது என்னும் அளவு மட்டும் தெருவிலிருப்போன் அறியுமாறு செய்கின்றது.

பிற்கால நிலை

மனை முடிந்த பின்னர் மேற்றளம் பல மாற்றங்களை அடைந்தது. 1946ஆம் ஆண்டில் ரோசர் செகிமோன் மனையை விற்றார். 1953ஆம் ஆண்டு முதல் பார்பா கொர்சினி என்னும் கட்டடக் கலைஞர் கூரையடித் தளத்தில் 13 சிறு குடியிருப்புக்களை அமைத்தார். துவைக்கும் இடம் வாழும் இடமாயிற்று. செங்கல் வளைவுகள் சுவர்களால் மறைந்தன. 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம் மனையை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. 1986ஆம் ஆண்டில் சேமிப்பு வங்கி ஒன்று அதனை வாங்கிப் பழுது நீக்கியது. இடையில் எழுந்த குடியிருப்புக்கள் அகற்றப்பெற்றன. வளைவுகள் மீண்டும் வெளிப்பட்டன. 1996ஆம் ஆண்டு முதல் மேற்றளம் பொதுமக்கள் காட்சிக்குத் திறக்கப்பெற்றது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. இடிந்தும் கருகியும் அழிந்திருக்க வேண்டியவை காக்கப்பெற்றன. முன்னர்ச் சிலரே கண்டதனை இன்று உலகத்தார் காண்கின்றனர். எனினும், ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது என்பதனை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது. துணியுலர்த்த வந்தவள் இல்லை. கட்டணம் செலுத்திக் காண வந்தோரே உளர். சிறைப்புறத்து நின்றவன் உள்ளே வந்து, கேட்போர் இடத்தில் அமர்ந்துவிட்டான். பணியின் இடையே எதிர்ப்பட்ட உருவம், இன்று காட்சியின் பொருட்டே தேடிச் சென்று காணும் உருவமாயிற்று. இம் மேற்றளத்தை விளையாட்டு என்றும் விடுகதை என்றும் கருதும் இரு கொள்கைகளும் வலுப்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகின்றது. பயன்பாட்டிலிருந்து பிரித்துக் காணும்போது புகைபோக்கி, பொருளற்ற வியப்பாகவோ பொருள் தேட வேண்டிய புதிராகவோ மட்டுமே எஞ்சும்.

பாட்டுக்கும் இந் நிலை உண்டு. வினையிடைப் பாடிய பாட்டு ஏட்டில் ஏறிய பின்னர், அதனைப் பாடிய வினையை நாம் உரையால் மீட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. கேட்போரையும் களனையும் உரையாசிரியர்கள் ஒவ்வொரு பாட்டிற்கும் விடாது குறித்துச் சென்றமை இது பற்றியே என்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. காசா மிலாவின் மேற்றளச் சிற்பங்கள் வேண்டாத அணிகள் அல்ல. வேண்டிய பொருள்கள் முகம் பெற்றவை. அவற்றின் குறிப்புப் பொருள் ஏற்கத்தக்கதே; ஆயின் புகைபோக்கியாகிய வெளிப்படைப் பொருளை அது விழுங்குதல் கூடாது. அவை மறைந்து நிற்றல், காண்பாரை ஏமாற்றும் சூழ்ச்சியன்று. அவற்றின் கேட்போர் தெருவில் அன்றி மேலே இருந்தனர் என்பதன் விளைவே அது.

குறையும் ஒன்று உண்டு. படிகள் பலவாக ஏறி இறங்கும் அத் தரை, காட்சிக்கு இனியது. சுமையோடு நடப்போர்க்கு எளியது அன்று. உழைப்போர் வழியில் அழகை வைத்த கலைஞர், அவ் வழியை எளிதாக்கவும் கருதியிருப்பின் அச் செயல் முழுமையுற்றிருக்கும். இக் குறை கூறுதலால் படைப்பின் பெருமை குறையாது. ஒருவரும் நிமிர்ந்து பாரார் என்று பிறர் விட்ட இடத்தில், அன்றாடம் அவ்வழிச் செல்வார் ஒருவர் உண்டு என்பதற்குச் சான்றாக அவ் வுருவங்கள் நிற்கின்றன. கலையின் மதிப்பு காண்போர் தொகையால் அமைவது என்னும் எண்ணம் வலுத்துவரும் இக் காலத்தில், யார் பொருட்டு என்னும் வினாவை முதலில் எழுப்புதல் திறனாய்வாளர் கடன்.